என் காலுக்காக ஜெபித்த ஊர்

பெங்களூரிலிருந்து புறப்பட்ட மாலை ரயிலில் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே என் இடது முழங்காலின்மேல் ஒரு கை விழுந்தது. எதிர் இருக்கைப் பெண்மணியின் கை. அவர் கண்களை மூடியிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. புடவைக்கு மேலாகவே, காலைத் தாங்கும் காலிப்பரின் இரும்புக் கம்பி அவர் உள்ளங்கையை உறுத்தியிருக்க வேண்டும். ஆனாலும் முடிக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

"சொல்லாம கொள்ளாம தொட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. பார்த்ததும் மனசு கேக்கல" என்றார்.

நன்றி சொன்னேன். இம்மாதிரி நேரங்களில் நன்றி சொல்வதுதான் சீக்கிரம் முடியும் வழி.

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. அதன்பிறகு இடது கால் சரியாக வளரவில்லை. இரும்பும் தோல்வாரும் சேர்ந்த காலிப்பரும் ஓர் ஊன்றுகோலும் என்னைத் தாங்குகின்றன. மலேசியாவில், ஈப்போவில், ஒரு லாரி கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். கையால் இயக்கும்படி மாற்றியமைத்த காரை நானே ஓட்டுகிறேன். அறுபதை நெருங்குகிறேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் எங்கே போனாலும் பேச்சு காலிலிருந்துதான் தொடங்கும்.

தம்பி மகன் ஜோயல் கோலாலம்பூரில் வேலை செய்கிறான். அவன் கம்பெனியின் பெங்களூர்க் கிளையிலிருந்து பயிற்சிக்கு வந்த ஷீபாவை விரும்பினான். ஷீபாவின் குடும்பம் கோலார் தங்கவயலில். தம்பிக்கு அப்போதுதான் இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. தம்பி மனைவியும் அவனை விட்டு நகர முடியாது. "நீ போய்ப் பெண் வீட்டாரைப் பார்த்துப் பேசி நிச்சயம் செய்துவிட்டு வாக்கா" என்று தம்பி சொன்னான். அப்படித்தான் நான் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷியாகப் புறப்பட்டேன்.

ஷீபாவின் அப்பா ஜெயபால் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை செய்கிறார். தினமும் ரயிலில் போய் ரயிலில் வருகிறவர். அன்று என்னையும் அழைத்துக்கொண்டு திரும்பினார். அந்தப் பெட்டியில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஒரு மூலையில் சீட்டாட்டம், நடுவில் பஜனை, எங்கள் பக்கம் கிறிஸ்தவப் பாட்டு. மூன்றும் ஒன்றையொன்று தொந்தரவு செய்துகொள்ளவில்லை. கோலாலம்பூர் ரயிலில் பக்கத்திலிருப்பவர் மயங்கி விழுந்தால்தான் அவருக்கு முகம் இருப்பதே தெரியும்.

நாங்கள் இறங்க வேண்டிய தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் நிலையத்தில் நடைமேடை தாழ்வாக இருந்தது. ரயிலின் படிக்கும் தரைக்கும் நடுவே என் ஊன்றுகோல் எட்டவில்லை. "அக்கா, நீங்க எறங்க வாணாம், நாங்க எறக்குறோம்" என்றார் ஜெயபால். சீட்டாடிக்கொண்டிருந்த இரண்டு பேர் சீட்டுகளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு என்னை அரிசி மூட்டை போலத் தூக்கிக் கீழே வைத்தார்கள். வைத்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். என்னைக் கேட்காமல் செய்யப்பட்ட இரண்டாவது உதவி அது. இது எனக்குத் தேவைப்பட்டது.

வீட்டு வாசலில் ஷீபாவின் அம்மா எஸ்தர் நின்றிருந்தார். "வாங்கக்கா, வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். அவர் பார்வை காலிப்பரில் இருந்தது. ஜோயல் என்னைப் பற்றி ஷீபாவிடம் சொல்லியிருக்கிறான். ஷீபா அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.

மறுநாள் காலை இட்லிக்கு ஆட்டுக்கறிச் சேர்வா வந்தது. மதியம் ராகிக் களியும் மாட்டுக்கறி வறுவலும். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று ஷீபா சொல்லிக் கொடுத்தாள். நான் மென்றேன். வீடே சிரித்தது. எஸ்தரும் சிரித்தார், ஆனால் என் தட்டில் போடும்போதெல்லாம் அவர் கண் மேஜைக்கு அடியில் போய்வந்தது.

சாயங்காலம் ஜெயபால் ஒரு ஆட்டோ வைத்து ஊரைச் சுற்றிக் காட்டினார். சுரங்கத்துக்குள்ளிருந்து எடுத்து அரைத்துக் கொட்டிய மண் ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கிறது. காற்றடித்தால் வெள்ளையாக எழும்புகிறது. ஈப்போ இருக்கும் எங்கள் பேராக் மாநிலத்தில் ஈயச் சுரங்கங்கள் மூடியபின் பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து ஏரிகளாகிவிட்டன. அவற்றைச் சுற்றி இப்போது பங்களாக்கள். எங்களுக்குச் சுரங்கம் பள்ளத்தை விட்டுப் போனது, இவர்களுக்கு மேட்டை.

"எங்க மாமனாரு சுரங்க ஷாஃப்ட்டுக்குள்ள டிரில் புடிச்சவரு. நைட் ஷிப்ட் முடிச்சு கேஜ் லிஃப்ட்ல மேல வந்தா கண்ணு மட்டும்தான் தெரியுமாம்" என்றார் ஜெயபால். எஸ்தரின் அப்பாவைச் சொன்னார்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு பிலோமினா என்னைப் பார்க்கக் காத்திருந்தார். கத்தோலிக்கர். காலைப் பார்த்தார், எண்ணெய் பூசினீர்களா என்று கேட்டார். "எங்க சாமியாரு நெத்தியில எண்ணெ வெப்பாரு. சுகமாச்சுன்னா சந்தோசம். இல்லாங்காட்டி அடுத்த மாசமும் வெப்பாரு. அதுல ஒண்ணும் சண்ட இல்ல" என்றார். அந்த ஊரில் நான் கேட்ட கருத்துகளிலேயே சுருக்கமானது இதுதான்.

அவர் போனபின் எஸ்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கா, இந்தக் காலு பொறப்புலயேவா?"

"இல்ல, மூணு வயசுல."

"குடும்பத்துல வேற யாருக்குனா கீதா?"

"இல்ல. இது பரம்பரையா வர்றது இல்ல எஸ்தர். போலியோ."

"போலியோதான்" என்று தலையாட்டினார். நான் சொன்னதை ஏற்றுக்கொண்ட தலையாட்டலாக அது தெரியவில்லை.

ஞாயிறு காலை, கல்கோயில் என்று ஊர் சொல்லும் தேவாலயத்துக்குப் போனோம். சுரங்க காலத்தில் கட்டியது. ஜெயபாலின் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் அந்தச் சபை. பாட்டுகள் எனக்குத் தெரிந்த பழைய பாட்டுகள். எங்கள் ஈப்போ கோயிலைவிடக் கொஞ்சம் மெதுவாகப் பாடினார்கள். மதியம் சாப்பிட்டதும் எஸ்தர் வேறு புடவை கட்டிக்கொண்டார். இந்த வீட்டில் காலையில் ஒரு சபை, பிற்பகலில் ஒரு சபை என்று அப்போது தெரிந்தது. பிற்பகல் சபை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையின் மாடியில். அங்கே எஸ்தர் மட்டும்தான் போவார்.

"அக்கா, பாஸ்டர் உங்கள இட்டுகினு வரச் சொன்னாரு. ஒரு ஜெபம்தான்" என்றார்.

"இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்கக்கா" என்றார் ஜெயபால்.

எத்தனையோ பேர் ஜெபித்திருக்கிறார்கள், இன்னொருவர் ஜெபித்தால் என்ன என்று கிளம்பினேன்.

கடை, குழாயும் தகரமும் விற்கும் கடை. மாடிப்படி செங்குத்து, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சுகம் வேண்டி வருகிறவர்கள் இந்தப் படியில்தான் ஏற வேண்டும். அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு வாலிபர்கள் மேலே தூக்கிப் போனார்கள். ஜெயபால் கீழே கடைத் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே நல்ல கூட்டம். காலையில் கல்கோயிலில் பார்த்த பல முகங்கள் அங்கேயும் இருந்தன. காலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இப்போது விழித்திருந்தார்கள். பாஸ்டருக்கு நாற்பது வயது இருக்கும். முன்பு வெல்டர். தடித்த விரல்கள், தாழ்ந்த குரல். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை, கூட்டம்தான் கத்தியது.

பிரசங்கம் ஆவிக்குரிய போராட்டத்தைப் பற்றி. இந்த ஊரின் பூமிக்கடியில், சுரங்கத்தின் எந்த லெவலுக்கும் கீழே, ஒரு கட்டு, ஒரு சாபத் தளை இருக்கிறது என்றார். தங்கத்துக்காக மனிதன் தோண்டிய இடத்தில் சத்துருவான பிசாசு குடியேறினான். சுரங்கம் மூடியதும், வாலிபர் வேலைக்கு அலைவதும், நெஞ்சு நோயும் அந்தக் கட்டின் பலன். "மிதிங்க!" என்று ஒருவர் குரல் கொடுத்ததும் எல்லாரும் சத்துருவைக் காலால் மிதித்தார்கள். கீழே கடையின் தகரங்கள் அதிர்ந்தன. என்னால் மிதிக்க முடியாது. மிதிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஒருவராவது சுரங்கத் தூசியால் செத்த ஊர் இது. எதையாவது மிதிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில் எனக்கு வியப்பில்லை.

கூட்டம் முடிந்தபின் ஒரு சின்ன அறையில் பாஸ்டர், எஸ்தர், நான்.

"சிஸ்டர், உங்க பாட்டனார் யாரை வணங்கினார்?"

"ரப்பர்த் தோட்டத்துல முனியாண்டிக்குச் சேவல் அறுத்தவர். எங்க அப்பாதான் முதல்ல ஞானஸ்நானம் எடுத்தார்."

பாஸ்டர் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அங்கதான் சிஸ்டர் இந்தக் கால் கட்டப்பட்டிருக்கு. பரம்பரைச் சாபம். நீங்க அதை அறுக்காம விட்டா, அது அடுத்த தலைமுறைக்கு இறங்கும். இந்தப் பொண்ணு அந்த வீட்டுக்குத்தான் வரப்போகுது."

"அந்த வருஷம் எங்க வட்டாரத்துல சீனப் பிள்ளைக்கும் வந்தது, மலாய்ப் பிள்ளைக்கும் வந்தது பாஸ்டர். அவங்க தாத்தாவெல்லாம் முனியாண்டிக்கு அறுக்கலையே?"

"ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒவ்வொரு கட்டு சிஸ்டர்" என்றார். கோபப்படவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். விசுவாசத்தின் அடையாளமாகக் காலிப்பரைக் கழற்ற வேண்டும். பிறகு, என் பாட்டனும் தகப்பனும் செய்த பாவத்தால் என்மேல் வந்த இந்தச் சாபத்தை நான் மறுதலிக்கிறேன் என்று அவர் சொல்லச் சொல்ல நானும் சொல்ல வேண்டும்.

காலிப்பரை ஒருமுறை கழற்றியிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். எனக்குப் பதினோரு வயது. ஈப்போ திடலில் பெரிய சுகமளிக்கும் கூட்டம், வெளிநாட்டுப் பிரசங்கியார். அம்மா தன் கையாலேயே வார்களை அவிழ்த்தார். நான் மேடையில் விழுந்தேன். வீட்டில் அவிசுவாசம் இருக்கிறது என்று மைக்கில் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அம்மா அதன்பிறகு வெகு காலம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தன்னிடம் எங்கே அவிசுவாசம் ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே இருந்தார்.

பாஸ்டர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படி விட்டுட்டுப் போனது தப்பு" என்றார். பிறகு, "நான் எதுக்காக ஜெபிக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

இத்தனை வருடங்களில் ஒரு போதகர் என்னிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தோள் வலிக்குது பாஸ்டர். ஊன்றுகோல் ஊன்றி ஊன்றி வலது தோள் தேஞ்சு போச்சு. கால் வலிக்கறதே இல்ல."

அவர் என் தோளில் கைவைத்து ஜெபித்தார். எளிமையான, நல்ல ஜெபம். தோளுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கேட்டார். ஆனால் முடித்துவிட்டு மறுபடி அங்கேயே வந்தார்.

"அந்த வார்த்தைகள் சிஸ்டர்?"

எங்கள் அப்பா ரப்பர் பால் வெட்டியவர். தினமும் வேலை முடித்து, கைப் பிசின்கூடப் போகாமல், என்னை அழைக்கப் பள்ளிக்கூடத்துக்கு வருவார். "எங்க அப்பாவாலதான் இது வந்ததுன்னு என் வாயால சொல்ல மாட்டேன் பாஸ்டர்" என்றேன்.

"அப்ப இந்தக் கல்யாணத்தை ஆசீர்வதிக்க என்னால முடியாது. உங்களைத் துக்கப்படுத்தணும்னு சொல்லல. நான் நம்பறதைத்தான் சொல்றேன்."

அவர் நம்பினார். அதுதான் சிக்கல். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எஸ்தரிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போகும் வழியில் யாரும் பேசவில்லை. வீட்டில் எல்லாரும் பேசினார்கள். "பாஸ்டர் சொல்லாம எம் பொண்ண குடுக்க மாட்டேன்" என்றார் எஸ்தர். "அவுரு யாரு சொல்றதுக்கு? நான் அப்பன், உசுரோடதான கீறேன்" என்றார் ஜெயபால். ஷீபா என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

"ஆன்ட்டி, அம்மா ஒத்துக்கலன்னாலும் நாங்க பெங்களூர்ல ரிஜிஸ்டர் பண்ணிக்குவோம்" என்றாள். உடனே, "ஆனா அம்மா இல்லாம எனக்கு வேணாம் ஆன்ட்டி" என்று அழுதாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டும் உண்மையாகத்தான் இருந்தது.

ஜோயலிடம் போனில் பேசினேன். "அத்தை, அந்த வார்த்தைகளைச் சொல்லிட்டாத்தான் என்ன? வெறும் வார்த்தைதானே" என்றான்.

"அது உன் தாத்தாவைப் பத்தின வார்த்தைடா" என்றேன். அவன் மன்னிப்புக் கேட்டான். ஆனால் போனை வைத்தபின் அவன் கேட்டது என்னோடேயே இருந்தது. செத்துப்போன அப்பாவுக்கு ஒரு பொய்யால் என்ன நஷ்டம்? உயிரோடிருக்கும் இரண்டு பேருக்கு வாழ்க்கை. சொல்லிவிடலாம் என்றுகூட ஒருமுறை நினைத்தேன். அப்படிச் சொல்லி நடக்கும் கல்யாணத்தில், பிறக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எஸ்தர் என் காலைத்தான் பார்ப்பார் என்றும் நினைத்தேன்.

திங்கள் விடியற்காலை ரயிலில் ஷீபா வேலைக்குப் போய்விட்டாள். ஜெயபால் லீவு போட்டுவிட்டு என்னைக் கல்கோயில் போதகரிடம், அவர்கள் வழக்கில் அய்யரிடம், அழைத்துப் போனார். வயதானவர், ஓய்வுக்குக் காத்திருப்பவர். டீயும் பன்னும் வரவழைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைப் பார்த்து இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்ட கதையை நினைவூட்டினார். அவனும் பாவம் செய்யவில்லை, பெற்றவர்களும் செய்யவில்லை என்றுதானே பதில் வந்தது என்றார்.

"நம்ம சபையிலும் சுகத்துக்காக ஜெபம் உண்டும்மா. எண்ணெய் பூசறோம். மருந்தை நிறுத்தச் சொல்றதில்லை, சாபம்னு சொல்றதில்லை. பிசாசு இல்லைன்னும் சொல்றதில்லை. எல்லாத்துக்கும் அவனைக் காரணம் காட்டறதில்லை, அவ்வளவுதான்."

"அப்ப எஸ்தர் ஏன் அங்க போறாங்க அய்யரே?" என்றேன்.

அவர் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "நாங்க தப்பா எதுவும் சொல்லிடக் கூடாதுன்னு ஜாக்கிரதையா இருந்து இருந்து, கஷ்டத்துல வர்றவங்களுக்குச் சொல்ல எதுவுமே இல்லாம போயிட்டோம். அதான் மாடிக்குப் போறாங்க" என்றார். பிறகு, தானே வந்து எஸ்தரிடம் பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே பேசுகிறேன் என்றேன்.

நாங்கள் திரும்பியபோது எஸ்தர் சமையலறையில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஜெயபால் வெளியிலேயே நின்றுவிட்டார். நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெகு நேரம் அவர் நிமிரவில்லை. நானும் ஒரு கைப்பிடிக் கீரையை எடுத்து ஆய்ந்தேன். பிறகு அவராகவே தொடங்கினார்.

"எங்கப்பா நெஞ்சுல தூசி கா. படுக்க முடியாது. செவுத்துல சாஞ்சுகினேதான் தூங்குவாரு. அப்டியே போயிட்டாரு. அண்ணனும் அதே மாரிதான்." கீரைத் தண்டை ஒடித்தார். "அப்பறம் எனக்கு மொத புள்ள. ஷீபாக்கு முன்னாடி. பையன். முதுகுல எலும்பு மூடல, காலு ரெண்டும் ஆடல. மூணு நாளு இருந்தான். அதுக்குத் தெரியாது கா, ஷீபாக்கு. நாங்க சொல்லல."

ஆய்ந்த கீரையை அவர் ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"டாக்டர கேட்டேன், இது சில பேருக்கு இப்டித்தான்னாரு. அப்ப இருந்த அய்யர கேட்டேன், தேவ சித்தம்னாரு. பாஸ்டர் ஒருத்தர்தான் கா காரணம் சொன்னாரு. காரணம் தெரிஞ்சா எதுனா பண்ணலாம் இல்ல? தெரியலன்னா இன்னா பண்றது, சும்மா உக்காந்துகினு இருக்கணுமா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொன்னேன்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "ஷீபாக்கு ஒரு கொழந்த இப்டி பொறந்துட்டா இன்னா கா பண்ணுவீங்க?"

"என்னோடது பரம்பரையா வராது எஸ்தர்."

"அத்த கேக்கல. பொறந்துட்டா?"

யோசித்தேன். "எங்க அப்பா என்னை சைக்கிள்ல வெச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார். நாங்களும் எப்படியாவது கொண்டு போவோம்" என்றேன்.

எஸ்தர் கீரையை முறத்தில் வைத்தார். "சைக்கிள்லயா? காலு கம்பியில மாட்டிக்கலயா?"

"அம்மாவோட பழைய புடவையைக் கிழிச்சு, சைக்கிள் பாரோட சேர்த்துக் கட்டிவிடுவார்."

"இறுக்கிக் கட்டுனா வலிக்குமே."

"தளர்த்தித்தான் கட்டுவார். மேட்டுல இறங்கித் தள்ளிக்கிட்டே வருவார்."

மழையில் என்ன செய்தீர்கள், பள்ளிக்கூடத்தில் படி இருந்ததா, மற்றப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள், யார் கழிவறைக்கு அழைத்துப் போவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். இதுவரை என் காலுக்காக ஜெபித்த யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை. கடைசியில், "ஒரு தடவ பாக்கட்டுமா கா?" என்றார்.

காலிப்பரைக் கழற்றினேன். வார்களை அவிழ்க்க நேரமாகும், அவர் அவசரப்படுத்தவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கணுக்காலிலிருந்து மேலாகத் தடவினார். உதடுகள் அசையவில்லை. கண்கள் திறந்தே இருந்தன.

"மெத்துன்னு கீது" என்றார். "அவன் காலும் இப்டித்தான் இருந்துச்சு. ஒரே ஒரு தடவதான் தொட்டேன் கா. நர்ஸம்மா, பாக்காத, மனசு கஷ்டப்படும்னு எடுத்துகினு பூட்டாங்க."

அவர் அழுதார். அந்த அழுகைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதால் நான் அசையாமல் காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கேஸ் அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர், ஜன்னல் வழியாகக் கணவரிடம், "இந்தாங்க, அய்யர நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டுக் கூடத்தில், தட்டு மாற்றினோம். ஷீபா பாதி நாள் லீவில் வந்தாள். ஜோயல் போன் திரையில் இருந்தான். அடிக்கடி உறைந்து போனான். அய்யர் சுருக்கமாக ஜெபித்தார். பிலோமினா குடும்பம் வந்தது, பக்கத்து வரிசை வீடுகளிலிருந்து இந்துக் குடும்பங்கள் வந்தன, பிரியாணி போதவில்லை, மறுபடி வாங்கிவர ஆள் ஓடியது. பாஸ்டருக்கு எஸ்தரே போன் செய்து சொல்லியிருக்கிறார். அவர் வரவில்லை. அந்தப் பெண்ணுக்காக உபவாசம் இருப்பதாகச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது எஸ்தரின் முகத்தில் நிம்மதியும் இருந்தது, பயமும் இருந்தது.

புதன்கிழமை என்னை வழியனுப்ப அவரும் சாம்பியன் ரீப்ஸ் நிலையத்துக்கு வந்தார். ஜெயபால் என்னை ஏற்ற ஆள் திரட்டப் போனார். நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

"போவேன் கா. அங்க போனாத்தான் எனக்கு மூச்சு வர மாரி கீது." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் இன்னும் பயந்துகினுதான் கீறேன். ஜெபம் பண்ணாம இருக்க முடியாது என்னால" என்றார்.

"பண்ணுங்க."

"உங்க காலுக்கு இல்ல. பொறக்கப் போற புள்ளைக்கு."

"என்னன்னு கேப்பீங்க?"

மரிக்குப்பத்துப் பக்கமிருந்து ரயில் வரும் சத்தம் கேட்டது. ஜெயபால் இரண்டு பேரோடு ஓடி வந்தார். எஸ்தர் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"எப்டி பொறந்தாலும் என் கையில குடுங்க ஆண்டவரேன்னு கேப்பேன்" என்றார்.